கப்பலை விட்டு இறங்கி 12 நாளாகியும் தரை ஆடுகிறது, என்ன செய்ய?

கேள்வி:

டாக்டர், எனக்கு 43 வயது. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த வருடம் வியாபாரம் நன்றாக நடந்ததற்காக எங்கள் பிரிவு முழுவதையும் கம்பெனி செலவில் கொச்சியிலிருந்து கப்பலில் லட்சத்தீவுக்கு அழைத்துப் போனார்கள். மொத்தம் 5 நாள். பகலில் தீவில் இறக்கிவிடுவார்கள், சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிடுவோம், ராத்திரி முழுக்கக் கப்பல் ஓடும். முதல் ராத்திரி மட்டும் வாந்தி எடுத்தேன், அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று ராத்திரி சமையலறையில் நிற்கும்போது தரை மேலும் கீழும் போகிற மாதிரி இருந்தது. அலுப்பு, தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இன்றோடு 12 நாள். நின்றால், உட்கார்ந்தால், படுத்தால் ஊஞ்சலில் இருப்பது போலவே இருக்கிறது. அறை சுற்றவில்லை, நான்தான் ஆடுகிறேன். ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ரொம்ப மோசம். ஸ்கூட்டியில் போகும்போது மட்டும் தெரிவதில்லை. பக்கத்து டாக்டர் பிபி குறைவு என்று தலைசுற்றல் மாத்திரை 5 நாளைக்குக் கொடுத்தார், கேட்கவில்லை, நானே மெடிக்கலில் மறுபடி வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியார் கண் திருஷ்டி என்று சுற்றிப் போட்டார், எழுந்திருக்காமல் படுத்தே இருக்கச் சொல்கிறார். கணவர் எல்லாம் மனப்பிரமை என்கிறார். ஆபீசில் 'இன்னும் கப்பலிலேயே இருக்கீங்களா மேடம்' என்று கேலி. கம்பெனி செலவில் போய்விட்டு வந்து உடம்பு சரியில்லை என்று லீவு கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனதற்குத் தண்டனையோ என்றுகூடத் தோன்றுகிறது. இணையத்தில் தேடினால் மூளைக் கட்டி என்று வருகிறது. ஸ்கேன் எடுக்கட்டுமா? இது போகுமா போகாதா?

— பெயர் வேண்டாம், கோவை

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று தெரிகிறது. நீங்கள் எழுதியிருப்பதில் மூளைக் கட்டிக்கான அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. நேரில் பரிசோதிக்காமல் முழு உறுதி சொல்லக் கூடாது, அதனால் கீழே சில கேள்விகளும் சில பரிசோதனைகளும் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு ராத்திரி ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டிய நிலைமையில் நீங்கள் இல்லை. இது பெரும்பாலும் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 'ஸ்கூட்டியில் போகும்போது மட்டும் தெரிவதில்லை' என்று. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கால்வாசிப் பதிலைச் சொல்லிவிட்டது. காதில் கோளாறாக இருந்தாலும் சரி, மூளையில் பிரச்சினையாக இருந்தாலும் சரி, வண்டியில் ஏறினால் பெரும்பாலும் தலைசுற்றல் கூடும், குறையாது. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்ததும் ஆட்டம் அடங்கி, வண்டி நின்றதும் மறுபடி ஆரம்பிக்கிறது என்றால் அது கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு வரும் ஒரு தனி வகைத் தள்ளாட்டம். மருத்துவத்தில் இதற்கு மால் டி டெபார்க்மென்ட் என்று பெயர். பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் போகும்போது காட்டலாம். தினமும் பார்க்கிற நோய் இல்லை என்பதால் பொது மருத்துவர்கள் பலருக்கு இது உடனே ஞாபகத்துக்கு வராது, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நம் இரண்டு உள்காதிலும் திரவம் நிரம்பிய மூன்று மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவை சொல்லும். பக்கத்திலேயே சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு பைகள், அவை நாம் முன்னே போகிறோமா, மேலே எழும்புகிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று சொல்லும். இதோடு கண் சொல்வதையும், பாதமும் மூட்டுகளும் சொல்வதையும் மூளை சேர்த்துப் பார்த்துத்தான் 'நேராக நிற்கிறேன்' என்ற முடிவுக்கு வருகிறது. கப்பலில் முதல் ராத்திரி இந்தக் கணக்கு குழம்பியது, அறைக்குள் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரிகிறது, உள்காது ஆடுகிறது என்கிறது, அதனால்தான் வாந்தி. மறுநாளிலிருந்து ஏன் வாந்தி இல்லை? அலை எந்த வேகத்தில் தூக்கி எந்த வேகத்தில் இறக்குகிறது என்பதை உங்கள் மூளை கற்றுக்கொண்டுவிட்டது. அடுத்த ஆட்டம் வருவதற்கு முன்பே அதற்கு ஈடு கொடுக்கத் தயாராகிவிட்டது. மீதி ராத்திரிகள் முழுக்க, தூக்கத்தில்கூட, அதே வேலையைச் செய்தது. இப்போது கோவையில் தரை ஆடவில்லை, ஆனால் மூளை இன்னும் ஈடு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஈடுகட்டலைத்தான் நீங்கள் ஆட்டமாக உணர்கிறீர்கள். ஸ்கூட்டியில் போகும்போது உண்மையான அசைவு கிடைப்பதால் உணர்வு அடங்கிவிடுகிறது.

ஆகவே இது மனப்பிரமை இல்லை. இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் மனைவி சொல்வது உடம்பில் நிஜமாக நடக்கிற விஷயம். எராஸ்மஸ் டார்வின் என்ற ஆங்கிலேய மருத்துவர், பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தா, 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். படகிலும் கப்பலிலும் வெகுநேரம் இருந்துவிட்டுக் கரையேறியவர்களுக்குத் தரையிலும் அந்த ஆட்டம் தொடர்வதாகத் தோன்றுகிறது என்று. 1987இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், மாதக்கணக்கில் விடாமல் ஆடிக்கொண்டிருந்த நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகு இது தனி நோயாகவே கவனிக்கப்பட்டது. 2020இல் பாரனி சொசைட்டி என்ற சர்வதேச அமைப்பு, தலைசுற்றல் நோய்களுக்கு இலக்கணம் வகுக்கிற மருத்துவர்களின் சங்கம் அது, இதைக் கண்டுபிடிப்பதற்கான விதிகளையே வெளியிட்டிருக்கிறது. பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், சுற்றாமல் ஆட வேண்டும், நாள் முழுக்கவோ பெரும்பகுதியோ இருக்க வேண்டும், வண்டியில் போகும்போது தற்காலிகமாகக் குறைய வேண்டும். உங்கள் மனைவியின் கடிதத்தில் இந்த நான்கும் இருக்கின்றன. வெளியே பார்த்தால் அவர் நன்றாகத்தான் நடப்பார், பேசுவார், யாருக்கும் ஒன்றும் தெரியாது, அதனால்தான் இந்த நோயாளிகள் வீட்டிலும் ஆபீசிலும் ரொம்பத் தனியாகிப்போகிறார்கள். நீங்கள் நம்புவது அவருக்கு மருந்தைவிட முக்கியம்.

சரி, இப்போது உங்களுக்கு. கரையேறிய முதல் நாள் இரண்டு நாள் இப்படி இருப்பது சர்வசாதாரணம். கடற்படை மாலுமிகளைக் கேட்டபோதே பெரும்பாலானோர் தங்களுக்கு இப்படி வந்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். உங்களோடு வந்தவர்களில் பலருக்கும் முதல் இரண்டு நாள் இருந்திருக்கும், சொல்லியிருக்க மாட்டார்கள். 48 மணி நேரத்தைத் தாண்டியும் போனால்தான் அதை நோயாகக் கணக்கில் எடுக்கிறோம். பெண்களுக்குத்தான் அதிகம், அதிலும் 40லிருந்து 50 வயதுப் பக்கம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறோம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கூடுகிறதா என்று கவனியுங்கள், பலருக்கு அப்படி இருக்கிறது, ஹார்மோன் மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். கடல் கொந்தளித்தால்தான் வரும் என்றும் இல்லை, அமைதியான கடலில் போய் வந்தாலும் வரும், நீண்ட ரயில் பயணம், விமானப் பயணத்துக்குப் பிறகும்கூடச் சிலருக்கு வருவதுண்டு. நீங்கள் அங்கே தப்பாக எதையும் செய்துவிடவில்லை.

தண்டனை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வார்த்தை என்னைச் சங்கடப்படுத்தியது. 5 நாள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேலை செய்யும் இடத்து ஆட்களோடு போய் வந்ததில் என்ன குற்றம்? உங்கள் உழைப்புக்குக் கொடுத்தது அது. ஆண்கள் கம்பெனி டூர் போய்விட்டு வந்து காய்ச்சலில் விழுந்தால் யாரும் தண்டனை என்று சொல்வதில்லை. இந்த நினைப்பை முதலில் தூக்கிப் போடுங்கள், மருத்துவ ரீதியாகவே சொல்கிறேன், கவலையும் தூக்கமின்மையும் இந்த ஆட்டத்தை நேரடியாகக் கூட்டும்.

இனி நான் நேரில் இருந்தால் கேட்கிற கேள்விகள். தீவில் ஸ்கூபா டைவிங் செய்தீர்களா? மேலே மிதந்தபடி கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்ப்பதைக் கேட்கவில்லை, சிலிண்டரோடு கீழே இறங்கினீர்களா? கடலில் 10 மீட்டர் இறங்கினாலே காதின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், காது அடைக்கிறதே என்று மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதினால் உள்காதில் காயம் ஏற்படலாம். அப்படி இறங்கி, அன்றிலிருந்து ஒரு காது மந்தமாகக் கேட்டாலோ இரைச்சல் இருந்தாலோ என் மற்ற யோசனைகளை எல்லாம் விட்டுவிட்டு இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். டைவிங் செய்யாவிட்டாலும் ஒரு காதில் திடீரென்று கேட்கும் திறன் குறைந்திருந்தால் அதுவும் அவசரம்தான், அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். காதில் தண்ணீர் போய் வலியும் அடைப்பும் மட்டும் என்றால் அது வேறு, சாதாரண வெளிக்காதுத் தொற்று, சொட்டு மருந்தில் சரியாகும்.

படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் அறையே கரகரவென்று சுற்றுகிறதா? அப்படியானால் அது உள்காதுத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறையில் ஐந்து பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் தற்செயலாக வந்திருக்கவும் கூடும். நீங்கள் சுற்றவில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள், இருந்தாலும் மருத்துவர் அந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

பேச்சு குழறுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, பிடிக்காமல் நிற்கவே முடியாமல் போவது, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது பக்கவாதமாக இருக்கலாம். காய்ச்சல் வந்தால் தீவுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், டெங்கு கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும், உங்களுக்கு அந்த நாட்கள் ஏறக்குறைய தாண்டிவிட்டன.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு உண்மையான கவலை. அந்த டாக்டர் 5 நாளைக்குத்தான் எழுதினார், நீங்கள் சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் தலைசுற்றல் என்றதும் கொடுக்கிற மாத்திரைகள், ப்ரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை, உள்காதிலிருந்து போகும் தகவலை மட்டுப்படுத்துகிறவை. கப்பலில் வாந்தி வரும்போது அது வேலை செய்யும். உங்களுக்கு இப்போது இருக்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை என்பது இந்த நோயாளிகளிடம் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அதோடு உங்கள் மூளை இப்போது தரைக்கு மறுபடி பழக வேண்டும், அதற்கு உள்காதின் தகவல் தெளிவாக வர வேண்டும், அதை மட்டுப்படுத்தினால் பழகுவது தாமதமாகும். வாரக்கணக்கில் மாதக்கணக்கில் இவற்றைப் போட்டால் கை நடுக்கம், உடம்பு இறுக்கம் என்று பார்க்கின்சன் நோய் மாதிரியான அறிகுறிகள்கூட வரலாம், வயதானவர்களிடம் இது இன்னும் அதிகம். உங்கள் வீட்டில் மாமியாரும் தலைசுற்றலுக்கு இதே மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறார் என்றால் அவரையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். சுற்றிப் போட்டது அன்பால் செய்தது, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் படுத்தே இரு என்பதை மட்டும் கேட்க வேண்டாம். படுக்கையில் கிடந்தால் மூளைக்குத் தரை ஆடவில்லை என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காது. நடங்கள். காலையிலும் சாயங்காலமும் அரை மணி நேரம், திறந்த வெளியில், தூரத்தில் அசையாமல் இருக்கிற மரத்தையோ கட்டடத்தையோ பார்த்தபடி. உங்கள் ஊரில் ரேஸ்கோர்ஸ் நடைபாதை மாதிரி இடம் கிடைத்தது பாக்கியம். வீட்டில் சுவரை ஒட்டி நின்று, விழுந்தால் பிடித்துக்கொள்ளும் தூரத்தில், இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நிற்கப் பழகுங்கள், முதலில் கண்ணைத் திறந்து, இரண்டு மூன்று நாள் கழித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி. ஆட்டம் கூடுகிற மாதிரி இருக்கும், பரவாயில்லை, பக்கத்தில் யாராவது இருக்கட்டும். தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு நுரைக்குக் கண்ணை மூடுவீர்களே, அந்த நேரம்தான் ரொம்பத் தள்ளும், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளியுங்கள். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எண்ணெய்ச் சட்டி வைக்கிற சமையலைக் கொஞ்ச நாளைக்கு வேறு யாரிடமாவது விடுங்கள், கணவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவரே செய்யலாம்.

ஸ்கூட்டி. ஓடும்போது சுகமாக இருக்கிறது என்பதற்காகக் காரணமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டாம், இறங்கியதும் ஆட்டம் முன்னைவிடக் கூடி வரலாம். இன்னொரு ஆபத்து சிக்னலில் இருக்கிறது, வண்டியை நிறுத்திக் காலை ஊன்றுகிற அந்த நொடியில்தான் ஆட்டம் திரும்பி வரும், பின்னால் பஸ் நிற்கும். சரியாகும் வரை கணவரோ வேறு யாராவதோ ஓட்டட்டும்.

கம்ப்யூட்டர் முன்னால் மோசமாக இருப்பதற்குக் காரணம், திரையில் எக்செல் வரிசைகள் மேலும் கீழும் ஓடுவதும், டியூப்லைட் வெளிச்சமும், மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பதும். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிகளுக்கு நடுவே நடந்தாலும் இதே மாதிரி இருக்கும், முயற்சி செய்து பார்க்க வேண்டாம். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிகிற உயரத்தில் நாற்காலி இருக்கட்டும், முதுகு சாய்ந்திருக்கட்டும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வாருங்கள். ராத்திரி படுக்கையில் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை, அதிலும் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் வந்துகொண்டிருக்கும் கப்பல் வீடியோக்களை, சரியாகும் வரை நிறுத்திவையுங்கள். ஆடுகிற காட்சி உங்கள் கண்ணுக்கு இப்போது ஆகாது. ஏழு மணி நேரத் தூக்கம் கட்டாயம்.

லீவு கேட்கக் கூச்சம் என்கிறீர்கள். கம்பெனி உங்களை அழைத்துப் போனது பரிசாகத்தான், அதை வாங்கிக்கொண்டதால் நோய்வாய்ப்படும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதாக ஆகாது. இன்னும் சொல்லப்போனால் இது அந்தப் பயணத்தால் வந்தது, அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம், அடுத்த முறை ஆட்களைக் கூட்டிப் போகும்போது வீட்டுக்கு வந்த மறுநாளே ஆபீஸ் என்று வைக்காமல் ஒரு நாளாவது இடைவெளி விடலாமே. மேலாளரிடம் நேராகச் சொல்லுங்கள்: கப்பல் பயணத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் ஒரு தள்ளாட்டம் எனக்கு வந்திருக்கிறது, தொற்று நோய் இல்லை, சில வாரங்களில் சரியாகும், அதுவரை இடையிடையே எழுந்து நடக்க அனுமதி வேண்டும், சிகிச்சைக்குப் போகும் நாளில் லீவு வேண்டும் என்று. மருத்துவர் சான்று தருவார். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம், இல்லாவிட்டால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அங்கே காது கேட்கும் திறன் சோதனை, கண் அசைவுப் பரிசோதனை, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்ப்பார்கள். பிபி குறைவு என்றார்களே, படுத்திருந்து எழுந்ததும் கண் இருட்டி ஒரு நிமிடத்தில் சரியானால்தான் அது பிபி, நாள் முழுக்க ஆடுவது பிபி இல்லை. எம்ஆர்ஐ ஸ்கேன் வேண்டுமா என்பதை இந்தச் சோதனைகளுக்குப் பிறகு அவர் முடிவு செய்யட்டும். இந்த நோயில் ஸ்கேன் சுத்தமாக இருக்கும், பல ஆயிரம் ரூபாய் செலவழித்து அதைத் தெரிந்துகொள்ள இப்போதே அவசரமில்லை. ஒரு மாதம் தாண்டியும் போகாவிட்டாலோ பரிசோதனையில் ஏதாவது இடித்தாலோ எடுக்கலாம்.

ஒரு மாதம் என்று ஏன் சொல்கிறேன் என்றால் பாரனி விதிகளிலேயே அதுதான் எல்லைக்கோடு. ஒரு மாதத்துக்குள் அடங்கிவிட்டால் தற்காலிக வகை, தாண்டினால் நீடிக்கும் வகை. 12ஆம் நாளில் நீங்கள் இன்னும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். தாண்டிப் போனாலும் வழி இருக்கிறது. நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் ஒரு சிகிச்சை முறை உருவாக்கினார்கள், நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் கோடுகள் மெதுவாக நகர்வதைப் பார்க்கச் செய்து, அதே நேரத்தில் தலையைக் குறிப்பிட்ட வேகத்தில் இடமும் வலமும் சாய்ப்பார்கள், மூளை கடலில் கற்றதை மறக்கவைக்கிற பயிற்சி. 2014இல் வெளியான முடிவில், மாதக்கணக்கில் வருடக்கணக்கில் அவதிப்பட்ட 24 பேரில் 17 பேர் முழுமையாகவோ பெருமளவுக்கோ தேறியிருந்தார்கள். எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது, ஆனால் சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்களும் தலைசுற்றலுக்கென்றே இருக்கும் கிளினிக்குகளும் பெருநகரங்களில் வந்துவிட்டன. ஒற்றைத் தலைவலிக்கான தடுப்பு மருந்துகள், சில மனச்சோர்வு மருந்துகள், குளோனசெபம் மிகக் குறைந்த அளவில், இவையும் சிலருக்கு உதவுகின்றன. குளோனசெபம் பழக்கமாகிவிடும் மருந்து, நரம்பியல் மருத்துவரோ காது மருத்துவரோ எழுதிக் கொடுத்து அவர் கண்காணிப்பில் மட்டும்தான். மனச்சோர்வு மருந்து எழுதினார் என்றால் மனநோய் என்று நினைக்கிறார் என்று அர்த்தமில்லை, பயப்பட வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வருடமும் கம்பெனி கூப்பிடும்போது மனதில் வரும், கப்பலில் மறுபடி போகலாமா என்று. முழுசாகச் சரியாகும் வரை கப்பல், படகு வேண்டாம், தவிர்க்க முடிகிற நெடுந்தூரப் பயணமும் வேண்டாம். சரியான பிறகும் ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த கடல் பயணத்தில் திரும்ப வர வாய்ப்பு உண்டு, சிலருக்கு முதல் முறையைவிட அதிக நாள் நீடிக்கிறது, அதனால் நான் உங்கள் டாக்டராக இருந்தால் பல இரவுகள் கப்பலிலேயே தூங்குகிற பயணத்தை வேண்டாம் என்பேன். லட்சத்தீவு மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் கொச்சியிலிருந்து அங்கே உள்ள அகத்தித் தீவுக்கு விமானம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம்தான், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்போதைக்கு மாத்திரையை நிறுத்துவது, நடக்க ஆரம்பிப்பது, இந்த வாரத்துக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது, இந்த மூன்றையும் செய்யுங்கள். தினமும் ராத்திரி ஒரு நோட்டில் அன்றைக்கு ஆட்டம் எப்படி இருந்தது என்று பத்துக்கு இத்தனை என்று குறித்து, தூக்கம் எத்தனை மணி நேரம், மாதவிலக்கு எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறைவது ஒரே சீராக இருக்காது, இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் மறுபடி தூக்கும், அப்போது இந்த நோட்டைப் புரட்டினால் போன வாரத்தைவிடக் குறைந்திருப்பது தெரியும். மருத்துவரைப் பார்த்த பிறகு அவர் சொன்னதையும் காது சோதனை முடிவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.